8,400 ரூபாய்க்கு வாங்கிய நெஞ்சுப்பட்டி என் நாயின் மேல் நிற்கவில்லை: யாழ்ப்பாணத்தில் நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

இன்று பின்னேரம் நாலரை மணிக்கு அந்தக் கடை முதலாளி தொலைபேசியில் என்னிடம் சொன்னது இது: "நாயைப் பழக்கத் தெரியாதவர்கள் சாமானைக் குறை சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தையல் மெஷினை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

8,400 ரூபாய். நான் வீட்டில் இருந்து தைப்பவள். ஒரு சேலைச் சட்டை தைத்தால் 1,200 ரூபாய் கிடைக்கும். ஏழு சட்டைக்குக் கை வெட்டி, கழுத்துத் திருப்பி, கொக்கி வைத்துக் கண் எரிய உட்கார்ந்த காசு அது. வேறு யாரும் இப்படிக் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது. நாய்க்குச் சரியான நெஞ்சுப்பட்டியை எப்படித் தெரிவு செய்வது என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. நகரத்துக்குள் இருக்கிறது. நாய், பூனை, மீன் சாமான்கள் விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி எல்லாம் உண்டு. முகநூலிலும் படம் போட்டு விற்கிறார்கள்.

எங்கள் கறுப்பிக்கு இரண்டு வயது. நாட்டு நாய். ஒரு மாரி மழையில் ஒழுங்கை வேலியடியில் கிடந்த குட்டியை மகள் சட்டைக்குள் பொத்தி எடுத்து வந்தாள். இப்போது 18 கிலோ. ஆட்டைக் கண்டால் போதும், கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்வாள். கழுத்துப்பட்டி இறுகி இருமல் வந்துவிடும். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மிருக வைத்தியர் அந்த இருமலைக் கேட்டுவிட்டு, இப்படி இழுக்கும் நாய்க்குக் கழுத்தில் கயிறு கட்டினால் மூச்சுக்குழாய் நசுங்கும், ஹார்னஸ் வாங்குங்கள் என்றார். நெஞ்சையும் விலாவையும் சுற்றிப் பூட்டுகிற பட்டி அது. இழுப்பின் பாரம் கழுத்தை விட்டு உடம்புக்குப் போகும். அவர் சொன்னது சரி. நான் போன இடம்தான் பிழை.

பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, மகளையும் கறுப்பியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடையில் நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களைக் கண்டதும் நிலத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கறுப்பியைத் தொடவில்லை, கையை நீட்டி மோந்து பார்க்க விட்டான். நாயைத் தெரிந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். பெயரைக் கேட்டு, "கறுப்பி, கறுப்பி" என்று இரண்டு தரம் கூப்பிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தான். அந்நியர் கையில் எதுவும் தின்னாத நாய் அவன் கையில் தின்றது. "எங்கள் வீட்டிலும் இரண்டு நிற்கின்றன அக்கா, இரண்டும் தெருவில் எடுத்தவைதான்" என்றான். என் மனம் அந்த இடத்திலேயே இளகிவிட்டது. அதன் பிறகு அவன் சொன்ன எதையும் நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

3,200 ரூபாய்க்கு ஒரு பட்டி தொங்கியது. அதைக் கேட்டேன். "அது பொமரேனியனுக்குச் சரி அக்கா. இழுக்கிற நாய்க்கு இதுதான்" என்று உள்ளேயிருந்து தடித்த, மெத்தை வைத்த ஒன்றைக் கொண்டுவந்தான். வெளிநாட்டுச் சாமான், எவ்வளவு இழுத்தாலும் அறாது, 8,400 ரூபாய் என்றான்.

"தம்பி, அளவு எடுக்க வேண்டாமா? என்னிடம் நாடா இருக்கிறது" என்று கேட்டேன். கேட்டதோடு கைப்பையிலிருந்து அளவு நாடாவை வெளியே எடுத்தும் விட்டேன். அவன் சிரித்தான். "தேவையில்லை அக்கா. தினமும் எத்தனை நாயைப் பார்க்கிறேன், என் கண்ணே நாடாதான். 18 கிலோ என்றால் லார்ஜ். கொஞ்சம் தளர்வாக இருந்தால் நல்லது, வளருகிற நாய்தானே." இரண்டு வயது நாய் இனி எங்கே வளரும் என்று கேட்கத் தோன்றவில்லை. நாடாவை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். பதினெட்டு வருடமாக அளவெடுக்காமல் ஒரு துணியிலும் கத்தரி வைக்காதவள் நான். அந்த நாடாவை மடித்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அவனே பூட்டிவிட்டான். கறுப்பி அசையாமல் நின்றாள், மகள் கை தட்டினாள். "ஏதும் பிழை என்றால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன்" என்றான். 8,400 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "நாய்ச் சாமான் 1" என்று மட்டும் எழுதினான். அளவு, நிறம், வகை ஒன்றும் இல்லை.

புதன்கிழமை, முன்னங்காலின் அக்குள் சிவந்து முடி உதிர்ந்திருந்தது. வியாழக்கிழமை கடைக்குப் போனேன். அதே பையன், அதே சிரிப்பு. "புதுச் செருப்புக் கடிக்கும்தானே அக்கா, பழகிவிடும். தேங்காய் எண்ணெய் பூசுங்கள்." சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிழமை வரும் என்றான். நம்பி வந்தேன், எண்ணெயும் பூசினேன்.

ஞாயிறு பின்னேரம் வழக்கம்போலக் கொட்டடியிலிருந்து நடந்து பண்ணைக் கடற்கரைக்குப் போனோம். கடற்காற்று வாங்க வந்த சனம் நிறைய. கயிறு மகளின் கையில் இருந்தது. தீவகத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் வந்து ஹோர்னை விடாமல் அடித்தது. கறுப்பி முன்னே பாயவில்லை, மிரண்டு பின்வாங்கினாள். மகள் பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். நாய் தலையைக் குனிந்து முன்னங்கால்களை நீட்டியது. உரித்த சட்டையைப் போலப் பட்டி முழுதாகத் தலைவழியே கழன்று வந்தது. பூட்டு ஒன்றும் திறக்கவில்லை. என் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கயிறு, கயிற்றின் நுனியில் வெறும் பட்டி. நாய் வீதிக்குக் குறுக்கே ஓடியது. மோட்டார் சைக்கிள் ஒன்று பிரேக் போட்டு விழப்பார்த்தது. பிறகு கோட்டைப் பக்கம் ஓடி மறைந்துவிட்டாள்.

இரவு பதினொரு மணி வரை தேடினோம். முற்றவெளி, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வீதி. கூப்பிட்டுக் கூப்பிட்டு மகளின் குரல் அடைத்துவிட்டது. படலையைத் திறந்து வைத்துவிட்டு விடியும் வரை விறாந்தையில் இருந்தேன்.

திங்கள் காலை குருநகரில், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்றின் கீழே கிடந்தாள். வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தண்ணீர் வைத்திருந்தார். சிப்பி வெட்டி முன்னங்கால் கிழிந்திருந்தது. என் கையிலிருந்த பட்டியை வாங்கி, முதுகிலிருந்த வளையத்தை விரலால் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, இது ஒட்டாத வளையம். கம்பியை வளைத்துக் கறுப்பு மை அடித்திருக்கிறார்கள். ஒரு பெரிய மீனுக்கே விரிந்துவிடும்" என்றார். வளையத்தின் இரண்டு நுனிக்கும் நடுவே நகம் போகிற இடைவெளி இருந்தது.

மிருக வைத்தியர் நாலு தையல் போட்டார். இரவு முழுவதும் தெரு நாய்களோடு நின்றிருக்கலாம் என்பதால் விசர்நாய்த் தடுப்பூசியையும் மறுபடி போட்டார். அதற்கு 3,600 ரூபாய். 8,400 உடன் சேர்த்து 12,000. பிறகு பட்டியைக் கேட்டு வாங்கினார். உட்பக்கத்தில் விலை ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தார். அதன் கீழே அளவு அச்சடித்திருந்தது: நெஞ்சுச் சுற்றளவு 70 முதல் 98 சென்ரிமீற்றர். என் நாடாவை எடுத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, விலா அகன்ற இடத்தில் சுற்றினேன். 62. எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பட்டி கறுப்பியைப் பிடிக்காது. அளவின் மேலேயே விலையை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

வைத்தியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. நாய் முன்னே இழுக்கும்போது எந்தப் பட்டியும் நிற்கும். பின்வாங்கும்போதுதான் சோதனை. அப்போது பட்டி முழுவதும் தலைப்பக்கம் சரியும். விலாவில் பிடிப்பு இல்லாவிட்டால் முழங்கையைத் தாண்டி உரிந்துவிடும். நம்முடைய நாட்டு நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடை ஒடுக்கம், தலையும் ஒடுக்கம். லாப்ரடோருக்கு நிற்பது இவற்றுக்கு நிற்காது. பயந்த சுபாவம் உள்ள நாய்க்கு இடைப்பக்கம் மூன்றாவதாக ஒரு வார் உள்ள பட்டி வேண்டும். அந்த வார் விலாவின் பின்னே ஒடுங்கிய இடத்தில் இருப்பதால், அகன்ற விலாவைத் தாண்டி முன்னே வர முடியாது.

எனக்கு விற்ற பட்டியில் நெஞ்சுக்குக் குறுக்கே, தோள் மூட்டின் மேல், ஒரு வார் படுத்திருந்தது. கால் எட்டி வைக்கும் ஒவ்வொரு தரமும் அது தடுக்குமாம். முன்னாலிருந்து பார்த்தால் கவட்டைத் தடி மாதிரி இரண்டாகப் பிரிந்து, தோள்களை விட்டுவிட்டு நெஞ்செலும்பின் மேல் இறங்கும் பட்டிதான் நடைக்கு நல்லது. அக்குள் புண்ணுக்குக் காரணம் பழக்கமின்மை இல்லை: தளர்ந்த வார் முன்னே நகர்ந்து காலடியில் உரசியிருக்கிறது. அந்த மெத்தையும் நம் வெயிலுக்கு உதவாது. கடற்கரை ஈரம் உள்ளே நின்று தோலை அவித்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து மெத்தையைப் பிரித்துப் பார்த்தேன். தையல் எனக்குத் தெரிந்த விஷயம். பாரம் தாங்கும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறியாக இரண்டு ஓட்டு ஓட்ட வேண்டும். பள்ளிப் பைத் தோள்வாருக்கே நான் அப்படித்தான் தைக்கிறேன். வளையம் வைத்த இடத்தில் இருந்தது இரண்டே வரி நேர்த்தையல், அதிலும் ஒரு வரி பாதியில் நூல் விட்டிருந்தது. 8,400 ரூபாய்!

செவ்வாய்க்கிழமை பட்டியையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோனேன். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாய் முடி ஒட்டியிருக்கிறது அக்கா, எடுக்க முடியாது." மாற்றித் தருகிறேன் என்றாயே தம்பி என்றேன். "அது பாவிக்காத சாமானுக்கு." பூட்டிப் பார்க்காமல் பிழை எப்படித் தெரியும்? பதில் இல்லை. முதலாளி கொழும்பில் என்றான். வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னான். உரித்த காகிதம், வளையம், காயம் எல்லாவற்றையும் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் கோடு வந்தது, மறுமொழி வரவில்லை. புதன்கிழமை அழைத்தேன். அடுத்த சாமானுக்குப் பத்து வீதம் கழிவு தருவார்களாம். அடுத்த சாமான்! முகநூல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் அழித்துவிட்டார்கள். இன்று முதலாளி சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

என் பிள்ளை இனிக் கயிற்றைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள். தன் கையால்தான் நாய் போனது என்று நினைக்கிறாள். "உன் பிழை இல்லை" என்று நாலு நாளாகச் சொல்கிறேன், கேட்கவில்லை. இதற்கு எந்தக் கடை காசு திருப்பித் தரும்?

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், மணி பன்னிரண்டு ஆகிறது, கறுப்பிக்கு மருந்தும் கொடுக்க வேண்டும். அவசரமாகச் சிலது. கிலோவைக் கேட்டு அளவு சொல்லும் கடையில் வாங்காதீர்கள். விலாவின் அகன்ற இடத்தையும் கழுத்தடியையும் வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். விலைக் காகிதத்தை உரித்து அதன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூட்டிய பின் வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. அக்குளோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது. வளையத்தில் இடைவெளி இருக்கிறதா என்று நகத்தால் தேடுங்கள். பற்றுச்சீட்டில் அளவையும் "மாற்றித் தரப்படும்" என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தீபாவளி வெடிச் சத்தம் தொடங்கும் முன் கழுத்துப்பட்டியையும் நெஞ்சுப்பட்டியையும் இரண்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு கொழுவுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நாளை காலை அழைக்கிறேன். "நாய்ச் சாமான் 1" என்ற சீட்டுத்தான் கையில் இருக்கிறது, உரித்த காகிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதை மட்டுமாவது செய்யுங்கள்: காசு கொடுக்கும் முன், கடைக்குள்ளேயே, கதவைச் சாத்திவிட்டு, நாய்க்கு முன்னால் நின்று கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்து அதைப் பின்வாங்க விட்டுப் பாருங்கள். கழன்றால் அங்கேயே கழன்றுவிடும்.