ட்ரிப்ஸா, ஸ்பூனா? பேதியான பிள்ளைக்கு எது வேலை செய்யும்

ராத்திரி இரண்டு மணி. ஒன்றரை வயதுப் பையன், பத்துக் கிலோ. முந்தின நாள் மதியத்திலிருந்து எட்டு தடவை தண்ணியாகப் போயிருக்கிறான், மூன்று தடவை வாந்தி. கண் கொஞ்சம் குழி விழுந்திருக்கிறது. சிணுங்கிக்கொண்டே இருக்கிறான், ஆனால் டம்ளரைக் கண்டதும் இரண்டு கையாலும் எட்டிப் பிடிக்கிறான். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை, மெதுவாக மறைகிறது. டாக்டர் பார்த்து ஓ.ஆர்.எஸ் பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைத் தூள், எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அவர் நகர்ந்ததும் பையனின் அப்பா என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிட்டீங்கன்னா பிள்ளை தெம்பாயிடுவான். இந்தப் பொட்டலம்லாம் வீட்லயே குடுத்தாச்சு, ஒண்ணும் கேக்கலை."

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். சனங்கள் மனதில் ஒரு தரவரிசை இருக்கிறது. உச்சியில் ட்ரிப்ஸ், அடுத்து கடையில் விற்கும் டெட்ரா பேக், அப்புறம் இளநீர், கடைசியில் பொட்டலம். கஞ்சிக்கு இடமே இல்லை. என் கணக்கில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ட்ரிப்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளை துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, கொடுத்தால் குடிக்க முடியவில்லை, கிள்ளிய தோல் மடிப்பு இரண்டு வினாடிக்கு மேலும் நிற்கிறது என்றால் அங்கே விவாதமே கிடையாது. உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட் பாட்டிலைத் தொங்கவிட்டு, கிலோவுக்கு 100 மி.லி. கணக்கில் ஏற்ற வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் முதல் 30 மி.லி. அரை மணி நேரத்தில், மீதி 70 இரண்டரை மணி நேரத்தில். கைக்குழந்தைக்கு அதையே நிதானமாக, ஒரு மணி நேரம், பிறகு ஐந்து மணி நேரம். சில்லிட்ட கால் கண்ணெதிரே சூடாகி வருவதைப் பார்த்தவர்களுக்கு ட்ரிப்ஸின் அருமை தெரியும்.

ஆனால் டம்ளரை எட்டிப் பிடிக்கிற பிள்ளைக்கு? அங்கேதான் கதை மாறுகிறது. நீர் வற்றிய பிள்ளையின் நரம்பு நூல் மாதிரி இருக்கும். கொழுகொழு கை என்றால் கண்ணுக்கே தெரியாது. முதல் குத்து தவறும், இரண்டாவது உள்ளே போய் உடையும், மூன்றாவதுக்குள் அம்மா அழ ஆரம்பித்திருப்பாள். ஒருவழியாகக் கிடைத்து, அட்டை வைத்துக் கட்டி, பிளாஸ்திரி ஒட்டி முடித்தால், பிள்ளை அதைப் பிடுங்குவதையே வேலையாக வைத்துக்கொள்ளும். ஊசி நரம்பை விட்டு விலகினால் தண்ணீர் தோலுக்கடியில் இறங்கி, புறங்கை பன் மாதிரி உப்பிவிடும். வேகம் கூடிவிட்டால் கண் இமை வீங்கும். ஊசி போட்ட இடம் புண்ணாகலாம். இதையெல்லாம் நாங்கள் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும், ஒரு ராத்திரிக்கு இரண்டு பேர் முப்பது படுக்கையைக் கவனித்துக்கொண்டு.

இன்னொன்று. ஊரில் எல்லா பாட்டிலுக்கும் பெயர் 'குளுக்கோஸ்' தான். வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் உப்பே இல்லை. பேதியில் பிள்ளை இழப்பது தண்ணீரையும் உப்பையும் சேர்த்து. "ஒரு பாட்டில் குளுக்கோஸ்" என்று கேட்டு வாங்கிப் போடும் இடங்களில், கேட்டதே கிடைத்துவிட்டால் அதுதான் வம்பு.

இப்போது பொட்டலம். லிட்டருக்கு 20.5 கிராம் தூள்: குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. கடையில் 20 ரூபாய்ச் சொச்சம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா. இதன் சூட்சுமம் ஒன்றுதான். குடலின் உட்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். பேதியில் குடல் எவ்வளவு நீரைக் கொட்டினாலும் இந்தக் கதவு பெரும்பாலும் பழுதாவதில்லை. ஆகவே விகிதம்தான் இதில் எல்லாம். 2002 வரை இருந்த பழைய கலவையில் லிட்டருக்கு, உப்பில் இருக்கிற சோடியம் 90, குளுக்கோஸ் 111 மில்லிமோல் என்ற அளவு. அதை இரண்டும் 75 என்று குறைத்த பிறகு பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன, ட்ரிப்ஸ் தேவைப்படுகிற பிள்ளைகளும் குறைந்தார்கள். உப்பும் சர்க்கரையும் கூடக் கூட நல்லது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ட்ரிப்ஸுக்கும் பொட்டலத்துக்கும் நேருக்கு நேர் போட்டி ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமல். 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் நிறைந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கோப்பையைக் கொடுத்துவிட்டார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார், மறு வருடம் பத்ம விபூஷண் வந்தது. விருதை விட எனக்கு அந்த 'சொந்தக்காரர்கள்' என்ற விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. அங்கே வேலை செய்தது மருந்து மட்டும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து புகட்டிய கைகளும்தான்.

அதுதான் ஓ.ஆர்.எஸ்ஸின் பலவீனமும். கணக்கைப் பாருங்கள். அந்தப் பையனுக்குக் கிலோவுக்கு 75 மி.லி., நான்கு மணி நேரத்தில். பத்துக் கிலோவுக்கு 750 மி.லி. ஒரு டீஸ்பூன் 5 மி.லி. ஆக 150 ஸ்பூன், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. முழு ராத்திரியும் பேதி பார்த்துக் களைத்த ஒரு அம்மா, நாலு மணி நேரம் விடாமல் 150 ஸ்பூன். எந்த மருந்துச் சீட்டிலும் இந்தக் கணக்கு எழுதப்படுவதில்லை. "ஓ.ஆர்.எஸ் குடுங்கம்மா" என்று ஒரே வரி. "வீட்லயே குடுத்தாச்சு, கேக்கலை" என்கிறவர்களிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், அரை டம்ளர் என்பார்கள். அல்லது பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். தாகத்தில் பிள்ளை ஒரே மூச்சில் உறிஞ்சும், அஞ்சாவது நிமிடம் மொத்தமும் வெளியே. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, முன்னைவிட மெதுவாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பாலாடையை மிஞ்ச ஒன்று இல்லை. ஓரத்தில் மூக்குள்ள அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கன்னத்தின் உள்பக்கம் சாய்த்தால் ஸ்பூனில் பாதி சிந்துகிற கதை இல்லை.

இன்னொரு தவறு இதைவிட மோசம். ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டிக் கொடுப்பது. நான் பார்த்த ஒரு வீட்டில் நாள் முழுக்க அப்படித்தான் நடந்திருந்தது. குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வரும் அளவுக்குப் போய்விட்டது. 'கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணி' என்று பிரித்துக் கலக்குவதும் ஆகாது, ஏனென்றால் தூளில் எந்தப் பகுதியில் எது எவ்வளவு வந்து விழும் என்று சொல்ல முடியாது. மொத்தப் பொட்டலம், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம் கழிந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாக. 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் வருகிறது. உறையில் எந்த அளவு என்று முதலில் வாசியுங்கள்.

நம்பிக்கை குறைவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு: ஓ.ஆர்.எஸ் பேதியை நிறுத்தாது. ட்ரிப்ஸும் நிறுத்தாது, ஆனால் பாட்டில் தொங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. பேதி தானாக அடங்கச் சில நாள் ஆகும். இரண்டுமே அதுவரை பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிற வேலைதான். நாளைக் குறைக்க உதவுவது துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: தினம் 20 மி.கி., ஆறு மாதத்துக்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரை அட்டை டிவி மேல் ஏறிவிடும். மிச்ச நாட்களுக்கும் சேர்த்துத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார்.

ட்ரிப்ஸுக்கும் ஸ்பூனுக்கும் நடுவே யாரும் விரும்பாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் போட்டு, ஓ.ஆர்.எஸ்ஸையே சொட்டுச் சொட்டாக இறக்குவது. குடிக்க மறுக்கும் பிள்ளைக்கும், நரம்பு கிடைக்காத இடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வரைக்கும் இது கைகொடுக்கும். பார்க்கப் பயமாக இருப்பதால் பெற்றோர் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைக்கு அதில் ஏற்படும் தொல்லை மூன்று ஊசிக் குத்தை விடக் குறைவு என்பது என் எண்ணம்.

சரி, வீட்டுச் சரக்குக்கு வருவோம். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவசரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும், பொட்டாசியமும் சிட்ரேட்டும் மட்டும் இருக்காது. ஆபத்து ஸ்பூனில் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி ஸ்பூனும் சாம்பார் கரண்டியும் ஒரே அளவு இல்லை. கலக்கியதும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விடக் கரித்தால் கொட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இதைவிடக் கஞ்சி மேல். நொய்யை நன்றாகக் குழைய வேகவைத்து, தண்ணீராகக் கரைத்து, லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு. அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சர்க்கரையாக உடையும். ஒரேயடியாகச் சர்க்கரை போய் இறங்கித் தண்ணீரை உள்ளிழுக்கும் வேலை நடக்காது. காலராவில் அரிசியில் செய்த ஓ.ஆர்.எஸ் பேதியின் அளவைக் குறைத்ததும் பரிசோதித்துப் பார்த்த விஷயம்தான். கூடவே பிள்ளைக்குக் கொஞ்சம் சோறும் போய்ச் சேர்கிறது. பேதியானால் பட்டினி போடும் பழக்கத்தைக் கஞ்சி ஒன்றுதான் சண்டையில்லாமல் உடைக்கிறது, பாட்டிகள் எதிர்ப்பதில்லை. உப்பு போட்ட மோரும் இந்த ரகம்தான். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தாமல் முன்னைவிட அடிக்கடி கொடுத்து, டாக்டர் சொன்னால் ஓ.ஆர்.எஸ்ஸும்.

இளநீர் எனக்கும் பிடிக்கும். ஆனால் பேதிக்கு அது பாதி மருந்துதான். பொட்டாசியம் ஓ.ஆர்.எஸ்ஸை விட அதிகம், சோடியமோ மிகக் குறைவு. பேதியில் முதலில் போவது சோடியம். காய்க்குக் காய் அளவும் மாறும். இடையிடையே கொடுங்கள், தப்பில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

டெட்ரா பேக்கில்தான் சனங்கள் அதிகம் ஏமாந்தார்கள். பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போட்டுக்கொண்டு, மருந்துக் கடையிலேயே, ஆரஞ்சு ருசியில், சர்க்கரை பல மடங்கு ஏற்றிய பானங்கள். மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அல்லாத எதிலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பேக் வாங்குவதில் தவறில்லை, சரியான கலவையிலும் பேக் உண்டு. அட்டையில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா குளுக்கோஸ் தூள், பாட்டில் ஜூஸ், சோடா, மூன்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம்.

பேதியை நிறுத்தும் மாத்திரை, தொக்கம் எடுப்பது, வசம்பு உரைத்து ஊற்றுவது, இவற்றை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை மயங்கினாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியானாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் நான் ஒரு பேரம் பேசினேன். "நாலு மணி நேரம் குடுங்க சார், அப்பவும் தெளியலைன்னா நானே டாக்டரை எழுப்பி பாட்டில் போடச் சொல்றேன்." முழுப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 750 மி.லி.யை அளவுக் குடுவையில் ஊற்றி, பாலாடையோடு கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் அம்மா, அப்புறம் அப்பா, அவருக்குத் தூக்கத்தில் கண் சொருகத் தொடங்கியதும் பாட்டி. இரண்டாவது மணியில் ஒரு வாந்தி, பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி. நடுவில் இரண்டு தடவை தண்ணியாகப் போனான், அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்தே முக்காலுக்குப் பாட்டி கத்தினார்: "ஏம்மா நர்ஸு, புடவையெல்லாம் ஒண்ணுக்குப் போயிட்டாம்மா!" ஓடிப்போய்ப் பார்த்து, சார்ட்டில் நேரத்தை எழுதினேன். குடுவையில் இன்னும் பதினைந்து ஸ்பூன் பாக்கி இருந்தது.