குஞ்சு மெசினும் கரண்டும்: முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் இருந்து சில வருட அனுபவம்

2019 மாசியில் 500 முட்டை பிடிக்கிற, குஞ்சு பொரிக்கிற மெசின் ஒன்றை வாங்கி வீட்டுக் கோடிப்பக்க அறையில் வைத்தேன். அன்றிலிருந்து பக்கத்து ஆணியில் ஒரு சீஆர் கொப்பி தொங்குகிறது. கரண்ட் நின்ற நேரம், வந்த நேரம், அப்போது காற்றா மழையா, மீட்டரில் வோல்டேஜ் எவ்வளவு. வேறொன்றும் எழுதுவதில்லை. இப்போது ஓடுவது மூன்றாவது கொப்பி.

காணி பார்க்க வருகிற வெளியூர்க்காரரும், ஊர் திரும்ப யோசிக்கிற சொந்தங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கத்தைய கரண்டை நம்பித் தொழில் தொடங்கலாமோ?" தொடங்கலாம். ஆனால் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்.

பழைய கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் வளர்ந்தவர்களுக்கு வெளிச்சம் என்றால் ஜாம் போத்தல் விளக்கு. ரேடியோச் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்ற வேண்டும். தெற்கிலிருந்து வந்த லைன் யுத்தத்தில் அழிந்து, 2009க்குப் பிறகுதான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 1,32,000 வோல்ட் லைன் புதிதாக இழுக்கப்பட்டது. அதற்கு ஜப்பான் கடன் கொடுத்தது. பிறகு அந்த லைன் சுன்னாகம் வரை போனது. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்த அன்று அம்மா பகலிலேயே எல்லா பல்பையும் போட்டுவிட்டு முற்றத்தில் நின்று பார்த்தா. அந்த நாட்களை நினைத்தால் இப்போது குறை சொல்ல வாய் வராது. ஆனால் முட்டைக்கு அந்தக் கதை தெரியாதே.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோழி முட்டை பொரிய 21 நாள். சூடு 37.5 பாகையைச் சுற்றி நிற்க வேண்டும். கரண்ட் நின்றால் குஞ்சு குளிரில் செத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் கிழமைகளில் ஒன்றிரண்டு மணித்தியாலக் குளிரை முட்டை தாங்கும். தாய்க்கோழியும் இரை தின்ன எழும்பிப் போகிறதுதானே. கடைசிக் கிழமைதான் சிக்கல். உள்ளே இருக்கும் குஞ்சு தானே சூடு விடத் தொடங்கும். காத்தாடி நின்றால் அந்தச் சூடு மேல்தட்டில் தேங்கி ஏறும். குளிரைவிட அந்த ஏற்றம் கெடுதல். ஆகவே கரண்ட் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் போலவே, எந்த நாளில் நின்றது, எத்தனை தரம் வெட்டி வெட்டி வந்தது, திரும்பி வரும்போது என்ன வோல்டேஜில் வந்தது என்பதெல்லாம் எனக்குக் கணக்கு.

எங்கள் பக்கத்து லைன் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி புரியும். நாட்டின் பெரிய மின்வலையான கிரிட்டின் நிலையத்தில் உயர் அழுத்தத்தை 33,000 வோல்ட்டுக்கு இறக்கி, அந்த லைனைக் காடு வயல் குளக்கட்டு எல்லாம் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்து வருகிறார்கள். ஊர் ஊராகக் கிளை பிரியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ட்ரான்ஸ்போமர், அதிலிருந்து 400 வோல்ட் மூன்று பேஸ் (கரண்ட் வரும் கம்பிகள்), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி), வீட்டுக்கு 230. நகரத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தால் கொடுக்கலாம். எங்களுக்கு ஒரே வழிதான். நடுவில் பாலைக் கொப்பொன்று சரிந்தால் அதற்கப்பால் இருக்கிற அத்தனை ஊரும் இருட்டு.

ஊரில் கரண்ட் போகிற விதத்தை வைத்தே குறி சொல்வார்கள். ஒரு தரம் கண்சிமிட்டி வந்துவிட்டால் யாரும் எழும்ப மாட்டார்கள். போய், சில விநாடியில் வந்து, திரும்பப் போய், வந்து, மூன்றாந்தரமும் போனால் உடனே ஒருவர் "அவ்வளவுதான், விளக்கை எடு" என்பார். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. 33,000 லைனில் ஓட்டோ ரீக்ளோசர் என்று ஒன்று இருக்கிறது. கொப்பு தட்டினாலோ பறவை அடிபட்டாலோ லைனை வெட்டும். பிறகு தானாகப் போட்டுப் பார்க்கும். பட்டது விழுந்துபோயிருந்தால் கரண்ட் தொடர்ந்து இருக்கும். பழுது அப்படியே இருந்தால் சில தரம் முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆள் வந்து தேடித்தான் எடுக்க வேண்டும், இரவென்றால் காட்டுக்குள்ளால் டோர்ச் அடித்துக்கொண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மழைநாள் இரவு பதினொரு மணிக்கு, ரெயின்கோட்டும் நீண்ட கோலுமாக ட்ரான்ஸ்போமர் பியூஸைக் கொளுவி ஏற்றினதை நானே கீழே நின்று பார்த்தேன்.

பொதுவான இருட்டடிப்புகள் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என்று நாடு முழுக்க கரண்ட் போனது. கடைசியாகச் சொன்னது ஒரு ஞாயிறு முற்பகல். பாணந்துறை கிரிட் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று உலகமே சிரித்தது. குரங்கு ஒரு சாட்டுத்தான். ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைச் சூரியத் தகடுகள் அள்ளிக் கொடுக்கின்றன, மின்நிலையங்களின் கனமான சுழலிகள் குறைவாகச் சுற்றுகின்றன. அப்படியான நேரத்தில் ஓரிடத்தில் தட்டினால் கரண்டின் அதிர்வெண்ணான 50 ஹேர்ட்ஸைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் முறை வைத்து ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டதற்கும் காரணம் இதுதான். ஆனால் என் கொப்பியில் இந்த நான்கு நாளும் ஆளுக்கொரு வரி. எனக்குக் குஞ்சைத் தின்றது நாட்டின் கிரிட் அல்ல, கடைசிப் பத்துக் கிலோமீட்டர்.

2022 மட்டும் தனிக் கதை. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஆனாலும் ஏ, பீ, சீ என்று வலயம் பிரித்து நேரம் அறிவித்தார்கள். நேரம் தெரிந்த மின்வெட்டைச் சமாளிக்கலாம் என்று அப்போதுதான் படித்தேன்: வெட்டுவதற்கு முன்னமே தண்ணீர்ப் போத்தல்களைச் சூடாக்கி உள்ளே அடுக்கிவிடலாம். என்னைக் கவிழ்த்தது பெற்றோல். ஜெனரேட்டர் இருந்தும் ஊற்ற ஒன்றுமில்லை. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறை வரும்வரை மெசினைக் கழுவி மூடிவைத்தேன்.

இனி, கொப்பியிலேயே சிவப்புப் பேனையால் கோடிட்ட நாள். 2021 ஆடி, இரவு ஒன்பது மணி இருக்கும். சோளகம் (தென்மேல் காற்று) நன்றாக அடித்தது. குஞ்சுகளுக்குச் சூட்டுக்குப் போட்டிருந்த 100 வாட் குண்டு பல்ப் திடீரென்று கண்ணைக் கூசும் வெள்ளையில் எரிந்தது. எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு விறாந்தையில் பல்ப் குப்பிவிளக்குப் போல மங்கிக் கிடந்தது. செருகி வைத்திருந்த சின்ன மீட்டரில் 312. மெயின் சுவிட்சை அடித்து நிற்பாட்ட ஓடினேன். நாலு எட்டுக்குள் கருகிய மணம் வந்துவிட்டது. மெசினின் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் முட்டைகள் உள்ளே. விடியும்வரை நானும் மனைவியும் சுடுதண்ணிப் போத்தல் மாற்றினோம். பாதிக்கும் குறைவாகத்தான் பொரித்தது.

காலையில் லைன் வேலைக்கு வந்த தம்பி கம்பத்திலிருந்து இறங்கி, கையில் ஒரு துண்டு இணைப்பைக் காட்டினார். வெள்ளைப் பொடியும் பச்சையுமாக அரித்திருந்தது. "அண்ணை, நியூட்ரல் விட்டிட்டுது. மெயினை அடிச்சபடியால் பிரிட்ஜ் தப்பிச்சுது" என்றார். நியூட்ரல் விட்டால் பக்கத்து வீடுகளின் பாவனையைப் பொறுத்து ஒரு பேஸுக்கு 400 பக்கம் ஏறும், மற்றதற்கு இறங்கும். மெசின் செலவு என் தலையில்தான் விழுந்தது. எங்கு போய்க் கேட்பது என்று சொல்லத்தான் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்த இரவில் கரண்ட் நிற்கவே இல்லை. ஆகவே எந்த நம்பகத்தன்மைக் கணக்கிலும் அது வராது. கணக்கு என்றால் சைடி, சைஃபி என்று இரண்டு சொல்லுவார்கள். ஒரு பாவனையாளருக்குச் சராசரியாக வருடத்தில் எத்தனை நிமிடம் கரண்ட் இல்லை என்பது சைடி, எத்தனை தரம் போனது என்பது சைஃபி. 1000 இணைப்புள்ள இடத்தில் 100 வீட்டுக்கு 5 மணித்தியாலம் நின்றால், சைடிக்கு அது ஆளுக்கு 30 நிமிடம். அந்த 100 வீட்டுக்காரரிடம் போய் 30 நிமிடம் என்று சொல்லிப் பாருங்கள்! பலரும் பின்பற்றுகிற, மின்பொறியாளர் அமைப்பான ஐஈஈஈயின் 1366 நியமத்தில் 5 நிமிடத்துக்குள் திரும்பி வந்த மின்வெட்டு அந்த இரண்டு எண்ணிலும் சேராது. என் மெசினின் முட்டை புரட்டும் டைமர் பூச்சியத்துக்குப் போவதோ அந்தக் கண்சிமிட்டலில்தான்.

வோல்டேஜையும் எழுதுங்கள். இலங்கையில் 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை இருக்க வேண்டும். கச்சான் தோட்டத்துக்கு எல்லோரும் ஒரே நேரம் மோட்டர் போடுகிற காலத்தில், லைனின் வால் முனையில் இருந்த எங்களுக்கு மாலையில் 200க்குக் கீழ் காட்டும். கிட்ட ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்த பிறகு அந்தத் தொல்லை போய்விட்டது. புகார் எழுதப் போனபோது கொப்பியின் இரண்டு பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். வாயால் சொன்னதைவிட அது வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

தேநீர்க்கடையில் அடிக்கடி வரும் வாதம்: "மன்னாரில் காற்றாலை, பளையில் காற்றாலை, பிறகும் எங்களுக்கு ஏன் போகுது?" மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த 30 காற்றாடியும் சேர்ந்து 100 மெகாவாட் அளவு. ஆனால் அது 2,20,000 வோல்ட்டில் நாட்டுக் கிரிட்டுக்குப் போகிறது. காற்று எங்களுடையது என்பதற்காக எங்கள் ஒழுங்கைக் கம்பி அறாமல் இருக்காது. கூரைத் தகடு போட்ட பக்கத்து வீட்டு அண்ணையும் இப்படித்தான் ஏமாந்தார். கரண்ட் போனதும் நல்ல வெயிலில் அவருடைய சோலார் பெட்டியும் நின்றுவிட்டது. லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு கூடியதை வாங்க வேண்டும். அதன் விலை வேறு.

நான் செய்தது மலிவான வேலை. 190க்குக் கீழோ 250க்கு மேலோ போனால் வெட்டி, மூன்று நிமிடம் பார்த்து, பிறகு விடுகிற பாதுகாப்புப் பெட்டி ஒன்று. போட்ட செலவில் அதற்குத்தான் முழு மதிப்பு. அப்புறம் பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஒரு இன்வேட்டரும் 12 வோல்ட் 150 ஆம்ப்-அவர் பற்றரியும். 1800 வாட்-அவர் என்று எழுதியிருக்கும். பாதிதான் எடுக்கலாம், இன்வேட்டரும் கொஞ்சம் தின்னும், கையில் 750 மிஞ்சும். 200 வாட் சூடாக்கி பாதி நேரம்தான் எரியும், காத்தாடி 30 வாட், சராசரி 130. ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறையப் போகும். பெரும்பாலான இரவுக்கு அது காணும்.

கொப்பியை இருத்தி வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சோளகக் காலத்து வெட்டுகளில் நிறைய, அரை மைலுக்குள் ஒரே இடத்தில் நடந்தவை. ஒரு வளவின் எல்லைப் பனை, காய்ந்த காவோலை தொங்கத் தொங்க, லைனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெண் பனை. தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அந்த அம்மா விடமாட்டா, நட்டது அவவுடைய தகப்பன். கடைசியில் வைகாசியில், லைனை நிற்பாட்டும் ஒரு நாளாகப் பார்த்து காவோலை மட்டும் கழிப்பதென்று பேசி, ஏறுகிறவரின் கூலியை நான் கொடுக்கிறேன். கழித்த இரண்டு வருடமும் ஆடிப் பக்கங்கள் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கின்றன. இந்த வருடம் ஏறுகிறவருக்குக் கால் முறிந்து இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காற்று தொடங்கிவிட்டது. முட்டைக்கு இன்று பதினாறாம் நாள்.