யமஹா டிஎக்ஸ்7: நீண்டநாள் பயன்பாட்டில் ஒலி அமைக்கும் அனுபவம்

1983இல் வந்த இந்த சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) சொந்தமாக ஒலி அமைப்பது கடினம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. முகப்பில் திருகுகள் இல்லை. சிறிய திரை, மதிப்புகளை மாற்ற ஒரு ஸ்லைடர், வரிசையாகச் சவ்வுப் பொத்தான்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஆறு ஆபரேட்டர்களையும் (சைன் அலையை உருவாக்கும் அலகுகள்) ஒன்றாகத் தொடுவதால்தான் பெரும்பாலும் குழப்பம் வருகிறது. ஜோடி ஜோடியாக அமைத்தால் இது மிகவும் ஒழுங்கான கருவி.

ஃபங்ஷன் பகுதியில் வாய்ஸ் இனிட் (வெற்று ஒலியிலிருந்து தொடங்கும் கட்டளை) கொடுத்தால் ஆபரேட்டர் 1 மட்டும் வெறும் சைன் அலையாக ஒலிக்கும். ஆபரேட்டர்கள் எப்படி இணைகின்றன என்பதைச் சொல்லும் அல்காரிதங்களில் 5ஐத் தேர்ந்தெடுங்கள். அதில் 2 ஒன்றையும், 4 மூன்றையும், 6 ஐந்தையும் மாடுலேட் செய்யும், அதாவது அதன் அலையை மாற்றும். மாற்றுவது மாடுலேட்டர்; மாற்றப்பட்டு நம் காதுக்கு வருவது கேரியர். எலெக்ட்ரிக் பியானோவின் உலோகத் தட்டல் வேண்டுமானால் ஆபரேட்டர் 2இன் அதிர்வெண் விகிதம் 14, அவுட்புட் லெவல் 58, வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி (கட்டையைத் தட்டும் வேகத்துக்கு ஒலி மாறும் அளவு) 7. அதன் என்வலப்பில் (ஒலி எழுந்து அடங்கும் போக்கு) ரேட் 95, 50, 35, 78. லெவல் 99, 75, 0, 0. ரேட் எண் கூடக் கூட வேகம் கூடும். இதைப் பலர் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த இரு ஜோடிகளுக்கும் விகிதம் 1. ஐந்துக்கு டீட்யூன் (சுருதியைச் சற்றே விலக்குவது) -7, ஆறுக்கு +7 வைத்தால் ஒலி மெல்ல அலையும்.

ஒலியின் கூர்மையைத் தீர்மானிப்பது மாடுலேட்டரின் லெவல்தான். எட்டுப் படி ஏற்றினால் மாடுலேஷன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் 40க்கும் 50க்கும் இடையே காது அதிகம் உணராது. 75ஐத் தாண்டினால் ஒவ்வொரு படியும் துல்லியமாகக் கேட்கும். அங்கே ஸ்லைடரை விட்டுவிட்டு +1, -1 பொத்தான்களை அழுத்துவதே நல்லது. எடிட் முறையில் 1 முதல் 6 வரையுள்ள பொத்தான்களால் ஆபரேட்டர்களைத் தனித்தனியே அணைத்துக் கேட்கலாம். இந்த ஒரு வசதியே பாதி வேலையை முடித்துவிடும்.

விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்கவில்லையா? கேரியரின் நான்காம் லெவல் 0 ஆக இருக்காது. மேல் ஸ்தாயியில் கரகரப்பு வந்தால் கீபோர்டு லெவல் ஸ்கேலிங்கில் (கட்டையின் இடத்துக்கேற்ப லெவலை மாற்றும் வசதி) மாடுலேட்டரின் லெவல் வலப்பக்கம் போகப் போகக் குறையுமாறு அமையுங்கள்.

சேமிக்க மறந்து வேறு ஒலிக்குத் தாவினாலும், புதிதாக வேறொன்றை எடிட் செய்யத் தொடங்காதவரை எடிட் ரீகால் மீட்டுத் தரும். சேமிக்கும் முன் மெமரி ப்ரொடெக்ட்டை (நினைவகப் பூட்டு) அணைக்க வேண்டும்; ஸ்டோரை அழுத்திப் பிடித்தபடி 32இல் ஓர் எண்ணைத் தட்டினால் போதும்.

இதன் சொந்தக் கட்டைகள் வெலாசிட்டியின் உச்சமான 127 வரை எட்டுவதில்லை. வெளிக் கீபோர்டில் வாசித்தால் அதே ஒலி கூர்மையாகக் கேட்பது இதனால்தான்; அப்போது மாடுலேட்டரின் சென்சிட்டிவிட்டியை ஓரிரு படி இறக்குங்கள். உள்ளே நினைவகத்தைக் காக்கும் 3 வோல்ட் பேட்டரி பற்றவைக்கப்பட்டது. அதை மாற்றும் முன் 32 ஒலிகளையும் சிஸ்எக்ஸ் (மிடி வழியே கருவியின் தரவை அனுப்பும் செய்தி) வழியாகக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். மொத்தமே 4,104 பைட்டுகள்தான்.