ரைன் நதிப் படகுப் பயணம்: ஏஜென்ட் தரும் 'கன்ஃபர்ம்டு' தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் பாகராக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பழைய மதில், மரச்சட்டம் போட்ட வீடுகள், ஊருக்கு மேலே திராட்சைத் தோட்டம், உச்சியில் ஒரு கோட்டை. அந்த ஊருக்கு ரயிலும் படகும் சேர்த்து ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லிச் சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சி எங்களிடம் பணம் வாங்கியது. வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு போன எங்களை ஓடாத படகுக்காக ஆற்றங்கரையில் நிற்க வைத்தார்கள். கோடை விடுமுறைக்கு ஐரோப்பா டிக்கெட் போடும் நேரம் இது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் போனது மார்ச் கடைசியில். ஏஜென்சி போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான்: ஃபிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் கோப்ளென்ஸ் நகரம், அங்கே மதியம் இரண்டு மணிக்குப் படகு, மூன்றரைக்குப் பாகராக். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் ரயில். விரைவு ரயில்கள் எதுவும் பாகராக்கில் நிற்காது. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து போகிறவர்கள் மைன்ஸில் மாறி, ஆர்.பி. 26 என்ற சாதாரண ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். எங்களுக்குக் கோப்ளென்ஸ் வரை டிக்கெட் போட்டிருந்ததால், ஐ.சி.இ. அதே ஆற்றோரத் தண்டவாளத்தில் பாகராக்கைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியே ஸ்டேஷன் பலகை தெரிந்தது, மதில் தெரிந்தது. "இதுதானேப்பா நம்ம ஊரு?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். ரயில் நிற்காமல் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த ரயில் டிக்கெட் உண்மையானதுதான். பயணி பெயர், ஆர்டர் எண், ஸ்கேன் செய்யும் சதுரக் குறியீடு எல்லாம் அதில் இருந்தன, விலையும் அச்சாகியிருந்தது. எங்களிடம் வசூலித்தது அந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அது போதாதென்று ஆளுக்கு ஒரு 'டாய்ச்லான்ட் டிக்கெட்'டும் சேர்த்து விற்றிருந்தார்கள். நாடு முழுக்கச் சாதாரண ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும் மாதாந்திரச் சீட்டு அது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. நல்ல சீட்டுதான். ஆனால் ஐ.சி.இ.யில் செல்லாது, ரைன் படகிலும் செல்லாது. அது கையில் இருந்தால் விமான நிலையத்திலிருந்து பாகராக் வரை தனியாக ஒரு காசும் தர வேண்டியதில்லை. அப்படியிருக்க ஐ.சி.இ. டிக்கெட்டை எதற்கு விற்றார்கள்? கமிஷனைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டாய்ச்லான்ட் டிக்கெட் ஒரு மாதத்தோடு தானாக முடிந்துவிடாது. அது சந்தா. மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியில் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு அடுத்த மாதத்துக்கும் பில் அனுப்பினார்கள்.

சரி, படகுக்கு வருகிறேன். கோப்ளென்ஸ் ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை கொஞ்ச தூரம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அம்மாவை நடுநடுவே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். துறைக்கு இறங்கும் பாலத்தின் குறுக்கே சங்கிலி போட்டிருந்தது. டிக்கெட் கவுன்ட்டரில் ஷட்டர் இறக்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டவணையில் சீசன் எந்தத் தேதியில் தொடங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை.

கோப்ளென்ஸுக்கும் பாகராக்குக்கும் இடையே அட்டவணைப்படி ஓடும் படகுகள் பொதுவாக ஏப்ரலில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். இது ஒன்றும் ரகசியம் இல்லை, படகு நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆண்டுதோறும் போடுகிறார்கள். எங்களுக்கு விற்றவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விற்றார்.

அந்த 'மூன்றரை மணி' இருக்கிறதே, அதுவும் பொய். கோப்ளென்ஸிலிருந்து பாகராக் ஆற்று வழியில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரைன் ஓடுவது பாகராக்கிலிருந்து கோப்ளென்ஸை நோக்கி. கோப்ளென்ஸிலிருந்து வரும் படகு வழி முழுக்க நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும், ஊருக்கு ஊர் நிற்கவும் வேண்டும். சீசனிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவிடும் படகு எந்த மாதத்திலும் கிடையாது. ஆகவே எதிலிருந்தும் பார்த்து எழுதிய நேரம் இல்லை அது.

படகுத்துறையில் நின்றபடியே ஏஜென்டுக்குப் போன் செய்தேன். "சார், ஆத்துல தண்ணி கம்மி சார். அதான் படகை நிறுத்திட்டாங்க. இயற்கைச் சீற்றத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, கண்டிஷன்ஸ்ல இருக்கு பாருங்க" என்றார். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால் ரைனில் தண்ணீர் குறைவது உண்மையாகவே நடக்கும், விவரம் தெரியாதவர்கள் இதை நம்பிவிடுவார்கள். பாகராக்கிலிருந்து சற்றுக் கீழே எதிர்க்கரையில் கௌப் என்ற ஊரில் ஒரு நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. மத்திய ரைனில் கப்பல்காரர்கள் எல்லாரும் பார்ப்பது அதைத்தான். 2018 அக்டோபரில் அங்கே 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. ஆற்றின் முழு ஆழம் அல்ல அது, அளவுகோலின் கணக்கு. 2022 ஆகஸ்டிலும் மிகவும் குறைந்து சரக்குப் படகுகள் திணறின. வெள்ளம் வந்து அளவு 6.40 மீட்டரைத் தொட்டால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். இந்த அளவுகளை ஜெர்மன் நீர்வழித் துறை இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் காட்டுகிறது. நான் பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் குறைவும் இல்லை, வெள்ளமும் இல்லை, சாதாரண நீர்மட்டம். நாங்கள் நின்ற கரைக்கு முன்னாலேயே சரக்குப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் படகு வவுச்சரை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மேலே ஏஜென்சியின் லோகோ, நடுவில் இணையத்தில் எடுத்த ஒரு கப்பல் படம், சிவப்பில் 'கன்ஃபர்ம்டு' என்று முத்திரை. படகு நிறுவனத்தின் பெயர் இல்லை, முன்பதிவு எண் இல்லை, குறியீடு இல்லை. ரயில் டிக்கெட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

மறுநாள் திட்டத்திலும் இதே கதைதான். லோரலை என்ற ஆற்றோரச் செங்குத்துப் பாறையைப் பார்க்கப் பாகராக்கிலிருந்து நேர் ரயிலில் சங்க்ட் கோர்ஸ்ஹவுசன் போகும்படி எழுதியிருந்தது. அந்த ஊர் எதிர்க்கரையில் இருக்கிறது. மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ஆற்றில் ஒரு பாலம்கூட இல்லை. இந்தப் பக்கம் சங்க்ட் கோர் வரை ரயிலில் போய், அங்கிருந்து அக்கரைக்கு ஃபெர்ரி பிடிக்க வேண்டும். பெயர் ஒன்று போல இருப்பதால் ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நாங்கள் தங்கிய விடுதியம்மாதான் இதையெல்லாம் படம் போட்டு விளக்கினார். அவருக்கு நன்றி.

நீங்கள் போவதாக இருந்தால் படகு நிறுவனத்தின் அட்டவணையை முதலில் திறந்து, உங்கள் தேதியில் படகு உண்டா என்று பாருங்கள், ரயிலை அப்புறம் யோசிக்கலாம். ரயிலில் பாகராக் போய் இறங்கி, அங்கிருந்து படகில் நீரோட்டத்தோடு சங்க்ட் கோர் வரை போவதுதான் பெரியவர்களுக்குச் சுகம். சுமார் 40 நிமிடம். கோட்டைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியும் அதுதான். திரும்பும்போது ரயில். ஐரோப்பிய ரயில்களுக்கான யூரெயில் பாஸ் இருந்தால் கே.டி. என்ற படகு நிறுவனத்தின் படகுகளில் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். விசாவுக்குப் பயணத் திட்டம் காட்ட வேண்டியிருக்கும்தான், அதற்காக மாற்ற முடியாத டிக்கெட்டுகளை ஏஜென்ட் மூலம் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மூடிய கவுன்ட்டரையும் அட்டவணையையும் தேதியோடு போட்டோ எடுங்கள். ஏஜென்ட் பேசுவதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்குங்கள். கார்டில் கட்டியிருந்தால் 'சேவை கிடைக்கவில்லை' என்று வங்கியில் டிஸ்பியூட் போடலாம். நான் போட்டிருக்கிறேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. புகார் போன பிறகு அவர்களிடமிருந்து வந்த முதல் பதிலில் தண்ணீர் குறைவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். முழுப் பணமும் வரும்வரை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை.