உலர் போர்சினிப் பொட்டலம்: மணத்தில் குறையில்லை, பெயரில்தான் ஐயம்

லண்டனில் எங்கள் வீட்டருகே உள்ள கடையொன்றில் 30 கிராம் உலர் போர்சினிக் காளான் பொட்டலம் வாங்கினேன். பிறந்த நாடு சீனா என்றும், காளானின் பெயர் பொலீட்டஸ் எடுலிஸ் என்றும் அட்டையில் அச்சிட்டிருந்தது. பிரித்தவுடன் எழுந்த மணம், வறுத்த பருப்பையும் மழைக்குப் பிந்தைய மண்ணையும் ஒருசேர நினைவூட்டியது. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அடியில் தங்கிய மணலை விட்டுத் தெளிந்த நீரை மட்டும் வடித்துப் புலாவுக்கு ஊற்றினேன். சுவையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை அந்தப் பெயரில்தான். சமைக்கும் முன் சில துண்டுகளைக் கைலென்ஸில் வைத்துப் பார்த்தேன். குடையின் அடியில் செவுள் போன்ற மடிப்புகளுக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற நுண்துளைகள் இருந்தன. சிலவற்றில் அவை வெளிர்மஞ்சளாகவும், சிலவற்றில் பாசிப்பச்சையாகவும் இருந்தன. முதிர முதிர நிறம் மாறும் என்பதால் இதை வைத்து இனத்தைப் பிரிக்க இயலாது. தண்டின் வலைப்பின்னல் கோடுகளோ சீவி உலர்த்தியதில் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மரவேர்களோடு கூடி வாழும் இக்காளானைப் பண்ணையில் விளைவிப்பதில்லை; பலர் காட்டில் பறித்தது சந்தையில் ஒன்றாகக் கலக்கும்போது, ஒரு பொட்டலத்தில் ஒரே இனம்தான் இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

இது என் வீண் ஐயம் அன்று. இதே லண்டனில் வாங்கிய ஒரு போர்சினிப் பொட்டலத்திலிருந்து 15 துண்டுகளை எடுத்து, க்யூ தாவரவியல் பூங்காவின் பிரின் டென்டிங்கரும் லாரா மார்ட்டினெஸ்-சூஸும் ஆராய்ந்தனர். பூஞ்சை இனங்களை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும் ஐ.டி.எஸ். என்னும் டி.என்.ஏ. பகுதியைப் படித்துப் பார்த்தபோது, அறிவியல் அதுவரை பெயரிடாத மூன்று இனங்கள் அந்த ஒரே பொட்டலத்தில் இருந்தது தெரியவந்தது. 2014இல் பீர்ஜே என்னும் அறிவியல் இதழில் அவற்றுக்குச் சீனச் சொற்களிலிருந்தே பெயர் சூட்டினர்: பைனியூகான், மெய்வெய்னியூகான்ஜுன், ஷியோங். முதற்பெயருக்கு வெள்ளை மாட்டு ஈரல் என்று பொருள். சீனாவின் யுன்னான் மாகாணச் சந்தைகளில் இவ்வகைக் காளான்களை மாட்டு ஈரல் காளான் என்றுதான் அழைக்கிறார்கள். ஆகவே "புதிய இனம்" என்பது நூலுக்குத்தான் புதிது. பறித்து விற்று உண்டவர்களுக்கு அது பழகிய பண்டம்.

அடையாளத்துக்கு மரபணுச் சோதனையே வேண்டியிருக்கும் பொருளுக்கு, அட்டையில் ஒற்றை லத்தீன் பெயரை அத்தனை உறுதியாக அச்சிடுவது பொருந்தாது. "பொலீட்டஸ் பேரினம்" என்று போட்டு, பறித்த மாகாணத்தையும் ஆண்டையும் சேர்த்தால் நேர்மையாக இருக்கும். மணலை இன்னும் கவனமாக நீக்கலாம். சமையலுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், அட்டைக்கு இரண்டு. மறுபடியும் வாங்குவேன், அடுத்த முறை நான்கைந்து துண்டுகளைச் சமைக்காமல் ஒரு காகித உறையில் எடுத்து வைப்பேன்.