பெரிய ரிங் எது, சின்ன ரிங் எது? பெங்களூரு மேடுகளுக்கு நான்கு ஜோடிகள்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி போன மாதம் ஒரு பழைய 29 அங்குல மவுண்டன் பைக் வாங்கினான். முன்னால் மிதியோடு சுழலும் பல்சக்கரங்கள், அதாவது செயின்ரிங், மூன்று; பல் எண்ணிக்கை 42-32-22. மூன்றும் தேய்ந்து, பற்கள் ரம்பம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதைக் கழற்றிவிட்டு இரண்டு ரிங்காக மாற்ற வேண்டும் என்றான். “அண்ணா, பெருசு 36 போதுமா, இல்ல 40 போடலாமா? ஹைவேல வேகம் கொறஞ்சிடாதா?”

இரண்டு ரிங் போடப்போகிற பலர் இந்த இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் இங்கேதான் தொடங்கினேன், 40-28 வாங்கினேன், ஒரு வருடம் முழங்கால் வலியோடு ஓட்டிவிட்டு மாற்றினேன். அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்பிட நான்கு ஜோடிகளை எடுத்துக்கொள்ளலாம். 36-22, ஷிமானோ நிறுவனத்தின் எம்டி210 போன்ற விலை குறைந்த கிராங்க்குகளில் (மிதிகளும் ரிங்குகளும் மாட்டும் தண்டு) வருவது. 38-24, பின்னால் பத்துப் பல்சக்கரம் இருந்த பத்து ஸ்பீட் காலத்து எஸ்எல்எக்ஸில் வந்தது, பழைய சைக்கிள்களில் இன்னும் நிறையப் பார்க்கலாம். 36-26, இப்போதைய டியோரே இரட்டை ரிங்கின் அளவு. 40-28, பந்தயம் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது, எக்ஸ்டி எம்785இல் இருந்தது. (எஸ்எல்எக்ஸ், டியோரே, எக்ஸ்டி எல்லாம் ஷிமானோவின் வரிசைப் பெயர்கள்.)     

முதலில் சக்கரம். இதைப் பார்க்காமல் பல் எண்ணிக்கையை மட்டும் பேசுவது வீண். 2.1 அங்குல அகல டயர் போட்ட 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.29 மீட்டர் போகும். 27.5 அங்குலம் என்றால் 2.15 மீட்டர். பழைய 26 அங்குலம் 2.07 மீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால், 26 அங்குலச் சக்கரத்தில் 40 பல், 27.5இல் 38 பல், 29இல் 36 பல், மூன்றும் ஏறக்குறைய ஒரே கியர்தான். அதே போல 27.5இல் 38-24 ஓட்டுவதும் 29இல் 36-22 ஓட்டுவதும் காலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. “நான் 40-28 ஓட்டறேன், ஒரு கஷ்டமும் இல்ல” என்று ஒருவர் சொன்னால், அவர் சைக்கிள் எத்தனை அங்குலம் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். இனி இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 29 அங்குலத்துக்கு.

அப்புறம் அந்த வேகக் கேள்வி. பின்சக்கரத்தின் மிகச் சிறிய, 11 பல் பல்சக்கரத்தில் போட்டு, நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், முன்னால் எத்தனை பல்லோ அத்தனை கிலோமீட்டர் வேகம் வரும். 36 பல் என்றால் மணிக்கு 36, 38 என்றால் 38, 40 என்றால் 40. சக்கரத்தின் அளவு தற்செயலாக அப்படி அமைந்திருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ள வசதி. ஆக, 36க்கும் 40க்கும் உச்சத்தில் நான்கு கிலோமீட்டர் வித்தியாசம். கட்டை டயரோடு சமதரையில் 36 கிலோமீட்டர் வேகத்தைத் தொடர்ந்து பிடிக்கிறவர்கள் மிகக் குறைவு. பள்ளாரி ரோட்டில் ஹெப்பாள் தாண்டி நந்தி பக்கம் போகும்போது என் வேகம் 24 அல்லது 25தான், எதிர்காற்று இருந்தால் 20. இறக்கத்தில் 36ஐத் தாண்டினால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்துகொள்கிறேன். அந்த நான்கு கிலோமீட்டரை நான் ஒருநாளும் தேடியதில்லை.

பெரிய ரிங்கை உச்ச வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க எந்த ரிங்கில் குடியிருக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. பெங்களூரில் நம் நிலைமை அப்படி. அல்சூரிலிருந்து துரஹள்ளிக் காட்டுக்குப் போக எனக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தார் ரோடு, திரும்பி வர இன்னொரு 20. நடுவில் மண்பாதையில் ஓட்டுவது ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். 24 கிலோமீட்டர் வேகத்துக்கு 36 பல்லோடு பின்னால் 17, எதிர்காற்றில் 21. இரண்டுமே கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின்) நடுப்பகுதி, செயின் நேராக ஓடும், சத்தம் வராது, தேய்மானமும் குறைவு. 40 போட்டால் இதே வேகங்களுக்கு 19, 24 என்று உள்பக்கம் தள்ளிப் போகிறது. அது பெரிய குற்றமில்லை. குற்றம் மேட்டில்தான் தெரியும்.

ஆனேக்கல் வழியாகத் தளி போகும் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதிகம் போவது அங்கேதான், எல்லை தாண்டியதும் தமிழ்ப் பலகைகள் வர ஆரம்பிக்கும். பெரிய மலை ஏதுமில்லை. சின்னச் சின்ன மேடு, சின்னச் சின்னப் பள்ளம், மூன்று நான்கு சதவீத ஏற்றம் ஐந்நூறு மீட்டருக்கு, அப்புறம் இறக்கம், திரும்ப ஏற்றம். இந்த மேடுகளில் நான் 13, 14 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவேன். 36 பல்லோடு பின்னால் 28 போட்டால் அதற்குச் சரியாக இருக்கும். பெரிய ரிங்கை விட்டு இறங்கவே வேண்டாம், பின் கியரை மாற்றும் வலது கை மட்டும் வேலை செய்யும். 40இல் அதே கியருக்குப் பின்னால் 32க்குப் போக வேண்டும், இன்னும் கொஞ்சம் செங்குத்தானால் 36தான் மிச்சம். செயின் கோணலாகிக் கறகறக்கும். கறகறப்பு பொறுக்காமல் சின்ன ரிங்கான 28க்கு இறக்குவோம், மேடு முடிந்ததும் 40க்கு ஏற்றுவோம், அடுத்த மேட்டில் திரும்ப இறக்குவோம். 40-28 ஓட்டிய அந்த வருடம் தளி போய்வந்தால் முன் ரிங்கை மாற்றும் என் இடது கட்டைவிரல்தான் முதலில் ஓய்ந்துபோகும். 38இல் இந்தத் தொல்லை பாதி, பின்னால் 28 பல்லிலேயே சமாளிக்கலாம், கால் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். தினமும் அலுவலகம் போய்வரவே சைக்கிள், காடு மாதம் ஒருமுறை என்கிறவர்களுக்கு 38 நல்ல தேர்வு. எனக்கு 36.

சரி, சின்ன ரிங்.

இங்கே எல்லோரும் நந்தி மலையை அளவுகோலாக வைக்கிறார்கள். அது தப்பான அளவுகோல். நந்தி ஏற்றம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், சராசரி ஐந்தாறு சதவீதம், மேலே போகப் போகக் கூடும். நீளம்தான் அதன் கஷ்டம். சீராக 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 26 பல்லோடு பின்னால் 32, அல்லது 24 பல்லோடு 28, பெரும்பகுதிக்கு அதுவே போதும். நான்கு ஜோடியிலும் நந்தியை ஏறலாம், 28இல்கூட.

துரஹள்ளி வேறு. பாதை திரும்புகிற இடத்தில் சட்டென்று பாறை எழும், மேலே தளர்ந்த சரளை. நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே ஏற வேண்டும். பதினைந்து சதவீத ஏற்றத்தில் நம்மைப் போன்ற சாதாரணக் கால்களுக்கு 5 கிலோமீட்டர் வேகம் வந்தால் அதிகம். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால், முன்னால் 22, பின்னால் 36. அல்லது முன்னால் 26, பின்னால் 42. இரண்டும் ஏறக்குறைய ஒரே கியர். முன்னால் 28, பின்னால் 36 என்றால் அதே இடத்தில் நிமிடத்துக்கு 47 சுற்றுதான் வரும். அந்த 47தான் என் முழங்காலைக் கெடுத்தது. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுக்க ஹாண்டில்பாரில் தொங்கும், முன்சக்கரம் தூக்கும், கால் ஊன்றிவிடுவோம்.

ஆகவே 22ஆ 26ஆ என்பதைப் பின்னால் இருக்கும் கேசட் முடிவு செய்துவிடுகிறது. சிறிய பல்சக்கரம் 11, பெரியது 34 அல்லது 36 பல் உள்ள கேசட் (11-34, 11-36) வைத்திருப்பவர்கள் 22, உடம்பு லேசானவர்களானால் 24. 11-42 இருந்தால் தயங்காமல் 26. 36-26ஐ 11-36 கேசட்டோடு சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. புது கிராங்க் வாங்கும்போது கேசட்டுக்குக் காசு மிச்சப்படுத்துகிறார்கள், கடைசியில் பழைய மூன்று ரிங்கில் இருந்த லேசான கியர் போய்விடுகிறது.

கேசட்டும் மாற்றக் காசு இருந்தால் 36-26ஐ நான் முன்னால் வைப்பேன், காரணம் இரண்டு ரிங்குக்கும் இடையே உள்ள தாவல். 36-22, 38-24 இரண்டிலும் 14 பல் வித்தியாசம். பெரிய ரிங்கில் பின்னால் 24 பல்லில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். 22க்கு இறக்கினதும் கால் வெறுங்காற்றில் சுழல்வது போல் ஆகிவிடும், அதே கனத்தைத் திரும்பப் பிடிக்கப் பின்னால் நான்கு கிளிக், 24இலிருந்து 15 வரை. 36-26இல் வித்தியாசம் 10தான், மூன்று கிளிக்கில் 17க்கு வந்தால் போதும். மேடு எப்படியும் செங்குத்தாகிறது என்றால் நடைமுறையில் 36-22இல் மூன்று கிளிக், 36-26இல் இரண்டு. துரஹள்ளி வளைவில் அந்த ஒரு கிளிக் நேரத்தில்தான் சைக்கிள் நின்றுபோகும். செயின் 10 பல் ஏறுவதும் 14 பல் ஏறுவதைவிட வேகமாக, சத்தமில்லாமல் நடக்கும்.

22க்கு இன்னொரு பலவீனம் மழைக்காலம். ஜூலையில் நம் செம்மண் செயினில் அப்பிக்கொண்டால், தேய்ந்த சின்ன ரிங் செயினை விடாமல் மேலே இழுத்துச் சட்டத்தோடு சிக்கவைக்கும். ரிங் சிறுத்தால் அதே மிதிக்குச் செயினின் இழுவை கூடும், அதைத் தாங்கும் பற்களும் குறைவு, அதனால் 22 வேகமாகத் தேயும். 22 வாங்கினால் இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் வேண்டாம். எடை சில பத்து கிராம் கூடும், பரவாயில்லை. பாறையில் இடிபடும் பயத்திலும் 36 நல்லது: 40 பல் ரிங்கைவிட அதன் அடிப்பக்கம் 8 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. சில கிராங்க்குகளில் ரிங்குகளை போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்திருப்பார்கள், அவற்றில் ரிங் மட்டும் மாற்ற முடியாது. போல்ட் இருந்தால் ஸ்கேலை எடுத்து அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடு அளந்து பாருங்கள். நான்கும் சம இடைவெளியில் இருந்து, வெளிப்பக்கம் 73.5 மில்லிமீட்டர், உள்பக்கம் 45 மில்லிமீட்டர் வந்தால் அது 104/64 அளவு (வெளி, உள் போல்ட் வட்டங்களின் விட்டம், மில்லிமீட்டரில்). இதற்கு 36, 38, 22, 24, 26 எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். நான்கு போல்ட்டும் சம இடைவெளியில் இல்லையென்றால் அது வேறு அளவு, அதற்குரிய ரிங்தான் சேரும். செயினை ரிங்குக்கு ரிங் தள்ளும் முன் டீரெயிலரும் ஜோடிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 10 பல் வித்தியாசத்துக்குச் செய்ததை 36-22க்கு மாட்டினால் சின்ன ரிங்கில் செயின், டீரெயிலர் கூண்டின் அடிக்கம்பியில் உரசிக்கொண்டே போகும். 42 பல்லுக்கு உயரத்தில் நிற்கும் பழைய டீரெயிலரைக் கீழே இறக்க வேண்டும், கூண்டுக்கும் பெரிய ரிங்கின் பல்லுக்கும் இடையே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்.

செயின் நீளத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். அந்த 40-28ஐ மாட்டியபோது, அதற்கு முன் இருந்த 36க்கு வெட்டிய பழைய செயினையே விட்டுவிட்டேன். நான்கு பல் கூடினால் இரண்டு கண்ணி அளவுக்குச் செயின் கூடுதலாக வேண்டும். தளி ரோட்டு மேட்டில் மறந்துபோய் பெரிய ரிங்கோடு பின்னால் 36க்குத் தட்டினேன். பின் டீரெயிலர் முன்பக்கமாக விறைத்து நீண்டு, ஒரு சொடுக்குச் சத்தம், டீரெயிலரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. ஆனேக்கல் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். புது ரிங் மாட்டியதும் செயினை டீரெயிலருக்குள் விடாமல் பெரிய ரிங்கிலும் பின்னால் பெரிய பல்லிலும் சுற்றி, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்ட வேண்டும்.

தம்பியின் சைக்கிளில் பின்னால் 9 ஸ்பீட், 11-34. கிராங்க் 104/64, போல்ட் வைத்தது. அதனால் 42ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாறை இடிக்காமல் காக்கும் பாஷ்கார்ட், நடுவில் 32க்குப் பதில் 36, உள்ளே புது இரும்பு 22. ஷிஃப்டர் மூன்றாவது கிளிக்குக்குப் போகாதபடி டீரெயிலரின் எல்லைத் திருகை இறுக்கிவிட்டால் போதும். சாமான்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புதுச் செயினை வெட்டாமல் அப்படியே எடுத்துவரும்படி.