சபரிமலை பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன், சாமிகளே

கார்த்திகை வரப்போகிறது. சிங்கப்பூர் தேக்கா பக்கம் மறுபடியும் சபரிமலை நோட்டீஸ்கள் கண்ணில் படுகின்றன. போன வருஷம் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். புகார் நடப்பதால் ஆள் பெயர் போடவில்லை.

ஏமாற்றியவர் எங்களோடு பஜனைக்கு வந்தவர்தான். கழுத்தில் மாலை, வாய்க்கு வாய் 'சாமி சரணம்'. தலைக்கு 1,600 வெள்ளி. டிக்கெட், வேன், சன்னிதானத்தில் அறை, மாமனாரை மலைக்குத் தூக்கிச் செல்ல டோலி, 'விஐபி தரிசனம்' எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார். மூன்று பேருக்கு 4,800 வெள்ளியை பேநவ்வில் (கைப்பேசி வழிப் பணமாற்று) அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன சாமி ரசீது?" என்றார். விரதத்தில் இருப்பவரிடம் மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது.

மலையடிவாரமான பம்பையில், அந்த ஆள் கொடுத்த தரிசன பாஸைப் போலீஸ்காரர் ஸ்கேன் செய்தார். தாளில் எங்கள் பெயர். திரையில் வேறு யாரோ மூன்று பேர், நான்கு நாள் முந்தைய தேதி! திரும்பவும் நிலக்கல்லுக்கு பஸ் ஏறி, ஸ்பாட் புக்கிங் வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றோம். டோலிக்கு யாரும் பணம் கட்டியிருக்கவில்லை. கையிலிருந்து கொடுத்தோம். நானும் முதல் தடவை மலைக்கு வரும் கன்னிசாமியான மகனும் நீலிமலை ஏறி, அப்பாச்சிமேட்டில் மூச்சு வாங்கி, சரங்குத்தியில் அவன் சரத்தை (கன்னிசாமி கொண்டுவரும் மர அம்பை) குத்திவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் இரவாகிவிட்டது. அறையும் இல்லை. நெய்யபிஷேகம் மறுநாள் காலையில்தான் என்பதால் இருமுடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் படுத்தோம். மாமனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டின் மெய்நிகர் வரிசைக்கு (இணைய முன்பதிவு) நானே கட்டணமில்லாமல் பதிந்திருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. விஐபி என்பதும் சும்மா. இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படியில் கால் வைக்க முடியாது. இருமுடி சுமந்தவன் வரிசையில்தான் நிற்கிறான்.

இங்கே பயண ஏற்பாட்டைத் தொழிலாகச் செய்ய சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. இப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன் (20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்). பேநவ் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கையிலுள்ள சாட்சி.

ஆள் என் எண்ணைத் தன் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. போன வாரம் எனக்கும் செய்தி வந்தது: "சாமி சரணம். ஒன்பது சீட்தான் பாக்கி, முந்துங்க."